ஆறு மாதம் படி ஏறக்கூடாது

நிபால்டோ வந்தது ஆகஸ்டில், மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை.
சட்டையைக் கழற்றச் சொன்னேன்.
இடது தோளில் காய்த்துப்போன தழும்பு,
இருபத்திரண்டு வருடமாக சிலிண்டரின் விளிம்பு உட்காரும் இடம்.
அதைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிந்தது.
முகத்தை எங்கே பார்த்திருக்கிறேன் நான்?

வால்பராய்சோவில் தெரு பாதியில் நின்றுவிடும்,
மீதி படிக்கட்டு.
லாரி அடிவாரத்தில் நிற்க
ஒருவன் இரும்புக் கம்பியால் சிலிண்டரைத் தட்டுவான்,
டிங் டிங்,
டிங்.
மரிபோசாஸ் குன்றில் ஜன்னல்கள் திறக்கும்.
விரல் காட்டுவோம், ஒன்று, இரண்டு.
நிபால்டோ ஏறுவான்.
என் வீடு வரைக்கும் நூற்று அறுபத்து மூன்று படி.
எண்ணியவள் நான். அவன் எண்ணியதே இல்லையாம்,
எண்ணினால் காலுக்குக் கேட்டுவிடும் என்றான்.

"தடுமன்தான். மகளுக்கு வந்தது, எனக்கும் வந்தது.
காய்ச்சலோடு ரெண்டு நாள் வேலைக்குப் போனேன்.
குளிர்காலத்தில் அடுப்பு எரியாமல் யார் இருப்பார்கள்?"
காய்ச்சல் விட்டது. மூக்கும் நின்றது.
பத்தாம் நாள், நீலத் தகர வீட்டுத் திருப்பத்தில்,
நெஞ்சுக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்,
தாளம் தெரியாத யாரோ.
சிலிண்டரை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தானாம்.
"கீழே போடவில்லை, சென்யோரா."
அதைச் சொல்லும்போது மட்டும் குரல் நிமிர்ந்தது.

மாரடைப்பு என்றுதான் முதலில் நினைத்தார்கள்.
மணிக்கட்டு வழியே கம்பி விட்டுப் பார்த்தார்கள்.
குழாய்களில் ஓர் அடைப்பும் இல்லை.
அவன் மனைவி லுட்மிலா நடைக்கூடத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள்.
அதன் பிறகு என்னிடம் அனுப்பினார்கள்.

ஜெல் குளிர்ந்தது என்று முனகினான்.
திரையில் அவன் இதயம்,
கூலி பேசாமல் இழுத்து வரப்பட்டவன் மாதிரி
சுருங்கியது, நின்று யோசித்தது, சுருங்கியது.
நூற்றுக்கு முப்பத்தெட்டு.
எங்கள் வேலையில் வாய் பேசக்கூடாது,
முகமும்.
"என்ன தெரிகிறது?"
"இதயம்."
"பரவாயில்லை, இருக்கிறது."

கிருமி எப்போதோ போயிருக்கும்,
விரட்ட வந்தவர்கள்தான் இன்னும் தசைக்குள் நிற்கிறார்கள்
என்றார் மருத்துவர் ஒயார்சூன்.
நிபால்டோ தலையாட்டினான்.
"மலைத்தீ வந்த வருடம் என் மைத்துனன் வீடு எரியவில்லை, டாக்டர்.
தீயணைப்புக்காரர்கள் அடித்த தண்ணீரில் இடிந்தது."

ஆறு மாதம் சுமை தூக்கக்கூடாது.
ஓடக்கூடாது. படி ஏறக்கூடாது.
"சரி,
அப்படியானால் நான் எங்கே குடியிருப்பது?"

யாரும் அதை யோசித்திருக்கவில்லை.
அவன் வீடு என் வீட்டுக்கும் மேலே.

கீழே, துறைமுகத்துப் பக்கம்,
கொழுந்தியாளின் சலவைக்கடைப் பின்னறையில் கட்டில் போட்டார்கள்.
சோப்பு நுரை வாசம், இரவெல்லாம் கடல்சிங்கங்களின் குரைப்பு.
ஊர் முழுக்க ஏறியவன்
நாற்காலியில் உட்கார்ந்து பிறர் போர்வைகளை மடித்தான்.
சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவுக்கு வந்து அண்ணாந்து நிற்பான்.
மேலே ஒரு ஜன்னலில் விளக்கு எரியும்,
லுட்மிலா கையை நீட்டி விரல் காட்டுவாள்.
ஒன்று.
சில நாள் இரண்டு.
அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.
பேருந்துக்குக் காத்திருந்தபடி பார்ப்பேன், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் மறுபடி ஜெல், மறுபடி முனகல்.
அளந்தேன். நம்பாமல் இன்னொரு முறை அளந்தேன்.
வாய் பேசக்கூடாதுதான்.
கருவியைத் துடைக்கிற சாக்கில்
ஐந்து விரல் காட்டினேன்,
பிறகு இரண்டு.
அவன் கூரையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டான்.

இதயச்சுவரின் வெளியோரத்தில்
ஸ்கேன் காட்டிய வெள்ளைக்கோடு அப்படியேதான் இருக்கிறது.
தோளில் ஒன்று, உள்ளே ஒன்று.

இப்போது ஜூன். வீட்டுக்குப் போய்விட்டான்,
தினம் ஒரே ஒரு முறை, நின்று நின்று.
லாரியில் தட்டுவது மட்டும் அவன் வேலை.
இன்று காலை அவன் தட்டல் கேட்டு ஒரு விரல் காட்டினேன்.
சிலிண்டரோடு ஏறி வந்தவன் புதுப் பையன்,
ஹெய்த்தியிலிருந்து வந்தவன், பெயர் வில்னேர் என்றார்கள்.
நீலத் தகர வீட்டுத் திருப்பத்தில் நின்றான்.
இருமினான்.
முழங்கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு
மறுபடி சிலிண்டரைத் தோளுக்கு ஏற்றினான்.

"அங்கேயே வை!" என்று கத்தினேன்.
காதில் விழவில்லை போல.
அடுப்பை அணைத்துவிட்டு
செருப்பைத் தேடினேன்.